தண்ணீர்ச் சறுக்கு கடைசியில்

மஸ்கட்டிலிருந்து வருகிறவளுக்கு மழையைக் கண்டால் முதலில் சந்தோஷம்தான் வரும். அங்கே எப்போதாவது ஒரு நாள் பெய்யும். ஆஸ்பத்திரி ஜன்னலில் நர்ஸுகள் எல்லாரும் கூடி நின்று பார்ப்போம். அடிவாரத்தில் பஸ் நின்றபோது பெய்த மழையை நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தோஷம் மூன்றாவது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் தாங்கியது. அதற்குப் பிறகு பஸ்ஸின் கூரை ஒழுக ஆரம்பித்தது. எனக்கு முன்சீட்டில் இருந்தவர் பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்தார். குடைக் கம்பியிலிருந்து வடிந்த தண்ணீரெல்லாம் என் மடியில் விழுந்தது.

பின்சீட்டில் பெங்களூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி. ஊட்டிக்குப் போயிருக்கலாம் என்று அந்தப் பெண் கன்னடத்தில் சொன்னாள். ஊட்டியில் ரூம் கிடைக்கவில்லை, இதுவும் மலைதானே என்றான் அவன். மலையைத்தான் காணோமே என்றாள் அவள். உண்மைதான். ஜன்னலுக்கு வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

நான் மலையைப் பார்க்க வரவில்லை. என் மகள் நித்யா ஏற்காட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். பதினோரு வயது. அவளை அழைத்துக்கொண்டு அன்றிரவு மட்டும் அங்கே தங்கிவிட்டு, மறுநாள் காலை கீழே இறங்கி, ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போவதாகத் திட்டம். மெட்ராஸில் கடற்கரைச் சாலையில் புதிதாக ஒரு தீம் பார்க் திறந்திருந்தார்கள். என்னோடு வேலை பார்க்கும் திருச்சூர் நர்ஸ் ஒருத்தி லீவில் வந்தபோது பிள்ளைகளோடு அங்கே போய்விட்டு, வண்ண வண்ணமாய் ஒரு விளம்பரத்தாளை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ராட்டினம், மலைரயில், பேய் வீடு, தண்ணீர்ச் சறுக்கு. அந்தத் தாளை ட்யூட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஹாஸ்டலுக்குப் போன் செய்ய அனுமதி உண்டு. ஒரு வருஷமாக அந்தப் போனில் நாங்கள் பேசியதெல்லாம் இந்தப் பயணம்தான். முதல் நாள் எதில் ஏறுவது, இரண்டாம் நாள் எது, எங்கே சாப்பிடுவது, என்ன உடுத்துவது. அதற்கு முன்னால் எங்களுக்குப் பேச விஷயமே இருக்காது. சாப்பிட்டாயா என்பேன், சாப்பிட்டேன் என்பாள். படிக்கிறாயா என்பேன், படிக்கிறேன் என்பாள். தீம் பார்க் வந்த பிறகு மணி அடித்து வார்டன் போனை வாங்கும் வரைக்கும் பேச்சு ஓடும். வார்டில் எந்த நர்ஸுக்கு எந்த ஷிஃப்ட் என்று மாதாமாதம் ரோஸ்டர் போடுகிறவள் நான். இந்தப் பயணத்தையும் அப்படித்தான் காலை, மதியம், மாலை என்று பிரித்துப் போட்டேன். போட்டுப் பார்ப்பதிலேயே பாதி சுகம் இருந்தது.

ஹாஸ்டல் வரவேற்பறையில் காத்திருந்தேன். நித்யா வந்தாள். போன தடவை பார்த்ததைவிட ஒரு சாண் வளர்ந்திருந்தாள். "வாங்கம்மா" என்றாள். கட்டிக்கொண்டபோது அவளும் கட்டிக்கொண்டாள். நல்ல பிள்ளை. ஆனால் நான் முதல்முறை ஊரைவிட்டுப் போகும்போது அவள் என்னை நீ, வா, போ என்றுதான் சொல்வாள். "நீ போகாதே" என்றுதான் விமான நிலையத்தில் அழுதாள். இந்த 'ங்க' எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. போனில் ஒவ்வொரு மாதமாகக் கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டதோ என்னவோ, நேரில் கேட்டபோதுதான் உறைத்தது.

ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். மானேஜர் சேலத்துக்காரர், மப்ளரை அவிழ்க்காத மனிதர். போர்வை ஈரமாக இருக்கிறதே என்றேன். "ஈரமில்லீங்க, குளுருங்க" என்றார். காப்பி கேட்டேன். சுற்றி நாலு திக்கும் காப்பித் தோட்டம். அதன் நடுவில் உட்கார்ந்து நான் குடித்தது சிக்கரித் தண்ணீர். மஸ்கட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே உள்ள மலையாளி கடையில் இதைவிட நல்ல காப்பி கிடைக்கும். அது ஒருவேளை இந்த மலையிலிருந்து போனதாகவே இருக்கலாம்.

மறுநாள் காலை மானேஜர் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க, ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்குதுங்க. பாறையும் உருண்டுருச்சாம். பஸ்ஸெல்லாம் அடிவாரத்துலயே நிறுத்திப்புட்டாங்க."

எப்போது சரியாகும் என்றேன். மழை விட்டால் என்றார். மழை எப்போது விடும் என்று நான் கேட்கவில்லை. குப்பனூர் வழியாக இன்னொரு ரோடு இருக்கிறதே என்று கேட்டேன். அதிலும் மரம் விழுந்து கிடப்பதாகச் சொன்னார். டிபன் இட்லி மட்டும்தான், சட்னிக்குத் தேங்காய் கீழேயிருந்து வரவில்லை என்று அதே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் போனால் போகட்டும், மெட்ராஸில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நித்யாவிடம் சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து விளம்பரத்தாளை விரித்தேன். இரண்டு நாள் வேலையை ஒரு நாளில் அடக்க வேண்டும். எனக்கு இந்த மாதிரி வேலை பிடிக்கும். ஆள் குறைந்த நாளில் வார்டை ஓட்டுவது போலத்தான். காலையில் போனதும் ராட்டினம் என்றேன்.

"வேண்டாங்கம்மா. காலைல ராட்டினத்துல ஏறுனா வெயில் நேரா கண்ணுல அடிக்கும். சாயங்காலம் ஏறலாம். கடல் தெரியும்."

கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கடல் கிழக்கே இருக்கிறது என்பதை வைத்துச் சொல்கிறாள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். சரி, அப்படியென்றால் தண்ணீர்ச் சறுக்கை முதலில் வைக்கலாமா என்றேன். தண்ணீர்ச் சறுக்கு கடைசியில்தான் என்றாள் அவள். நனைந்துவிட்டால் மற்ற எதிலும் ஏற்ற மாட்டார்களாம், ஈரத்துணியோடு வரிசையில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். புளிச்சாதம் கட்டிக்கொண்டு போகலாம் என்றேன். வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்றாள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஹாஸ்டலில் கூடப் படிக்கும் பெண் ஒருத்தி போயிருந்தாள் என்றாள். தாளில் குறித்துக்கொண்டிருந்த பென்சிலைச் சீவுவதற்காக எழுந்து ஜன்னலோரம் போனாள். பென்சில் கூராகத்தான் இருந்தது.

சாயங்காலம் மழை கொஞ்சம் தணிந்தது. ஏரிப் பக்கம் நடந்தோம். படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மிளகாய் பஜ்ஜிக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, அதன் கீழே ஆரஞ்சுக் கூடைகளோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். மலைமேலேயே இருக்கும் செம்மநத்தத்துக்காரர். சேலம் மார்க்கெட்டுக்கு என்று பறித்துக்கொண்டு வந்த பழம், லாரி இறங்க வழியில்லாமல் இங்கேயே நின்றுவிட்டதாம். "ரெண்டு நாளு போனா கொரங்குக்குத்தாங்க போடோணும்" என்றார். முகத்தில் ஆத்திரம் இருந்தது. குரலில் அதைக் காட்டவில்லை.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன் என்று தெரிந்ததும், அங்கே மலை உண்டா என்று கேட்டார். உண்டு, ஆனால் ஒரு புல்கூட முளைக்காத வெறும் கல்மலை என்றேன். அப்படியென்றால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். ஐந்து வருஷமாக அந்த மலைகளைப் பார்த்தபடி துணி உலர்த்துகிறேன், அவ்வளவுதான்.

"பாப்பா உங்க புள்ளைங்களா? சாடையே தெரியலீங்களே" என்றார். அவள் அப்பா சாடை என்றேன். "இந்தா கண்ணு" என்று நித்யாவிடம் ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார். பழம் புளித்தது. நித்யா முகம் சுளிக்காமல் தின்றாள்.

அவள் அப்பா சாடைதான். அவர் லாரி மோதிச் செத்த மறுவருஷம் நான் மஸ்கட் போனேன். பெண்ணை எங்கே விடுவது என்ற பேச்சு வந்தபோது என் தம்பி குமாரும் அவன் மனைவி விஜயாவும், தங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூன்றாவதாக இது வளரட்டும் என்றாள் விஜயா. அந்த 'மூன்றாவதாக' எனக்குப் பிடிக்கவில்லை. என் பெண் யார் வீட்டிலும் ஒண்டிக்கொண்டு வளர வேண்டாம் என்று சொல்லி ஏற்காட்டில் சேர்த்தேன். விடுமுறைக்கு மட்டும் சேலத்தில் மாமா வீடு. மற்றபடி நான் இருக்கிறேன், தூரத்தில் இருந்தாலும் நான்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளும் ரோடு திறக்கவில்லை. பெங்களூர்த் தம்பதி டிபன் அறையில் ஒருவரோடொருவர் பேசாமல் உப்புமா தின்றார்கள். இனி மெட்ராஸில் அரை நாள்தான் கிடைக்கும் என்று நான் மறுபடியும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அறைக்குள் அடைந்து கிடக்க முடியாமல் படகுத்துறைத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தோம். எதிரே ஏரியில் மழை விழுந்துகொண்டிருந்தது. அரை நாளில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. பேய் வீட்டை விட்டுவிடலாம், எனக்கு இருட்டு ஆகாது என்றேன்.

"அதை விட்டுறாதீங்கம்மா. பயமே இல்லை. மொத திருப்பத்துல மட்டும் கண்ணை மூடிக்கோங்க, மேலேயிருந்து ஒரு கை தொங்கும். நான் சொல்றப்ப தொறந்தாப் போதும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏரியைப் பார்த்தேன்.

"எப்பப் போனே?" என்று கேட்டேன்.

மே மாதம் என்றாள். பெரிய லீவில் மாமா வீட்டில் இருந்தபோது. அங்கேயிருக்கும் பிள்ளைகள் இரண்டும் தீம் பார்க் போக வேண்டும் என்று அடம் பிடித்திருக்கின்றன. இவளை மட்டும் எப்படி விட்டுவிட்டுப் போவது என்று அத்தை இவளையும் அழைத்துப் போயிருக்கிறாள். எங்கே தங்குவது, எதில் முதலில் ஏறுவது என்று மாமா தடுமாறியபோது, நித்யாதான் நாங்கள் இருவரும் போட்டு வைத்திருந்த திட்டத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். நன்றாக இருக்கிறதே என்று மாமா அதன்படியே நடத்திவிட்டார்.

மே மாதத்துக்குப் பிறகு எத்தனை வெள்ளிக்கிழமை. எதில் முதலில் ஏறலாம் என்று நான் கேட்பேன். அவள் யோசிப்பது போல நிறுத்தி, பிறகு சொல்வாள். அந்த நிறுத்தத்தைக்கூட நான் ரசித்திருக்கிறேன்.

அத்தை சொல்ல வேண்டாம் என்றாளா என்று கேட்டேன். நித்யா உடனே தலையாட்டி மறுத்தாள். அத்தை சொல்லிவிடத்தான் சொன்னாளாம். இவள்தான் சொல்லவில்லை.

"நீங்க நொம்ப ஆசையா இருந்தீங்க. போனாச்சுன்னு சொன்னா அப்புறம் போன்ல நாம என்ன பேசறதுங்க?"

அவள் அழவில்லை. திட்டு வாங்கத் தயாராக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

முதலில் வார்த்தை வார்த்தையாகத்தான் சொன்னாள். பிறகு வேகம் பிடித்தது. மலைரயில் உச்சிக்கு ஏறும்போது தட தடவென்று சத்தம் வருமாம். மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகா முருகா என்றாராம். சின்னவன் வாந்தி எடுத்துவிட்டானாம். சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். இரண்டு கையையும் விரித்து, ரயில் எப்படித் திரும்பியது என்று தாழ்வாரத்தில் ஓடிக் காட்டினாள். தண்ணீர்ச் சறுக்கில் அத்தை வர மாட்டேன் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாளாம். "நான் மேலேயிருந்து கத்துனேன். அத்தை நீ வா, நீ வந்தாத்தான் நான் எறங்குவேன், நீ வான்னு. அப்புறம் அத்தையும் வந்துச்சு. ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுட்டு தொபுக்கடீர்னு விழுந்தோம்."

சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். பஜ்ஜிக் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்து அவரும் சிரித்தார். அத்தை 'நீ'. நான் 'நீங்க'. பிள்ளைக்கு அது தெரியவேயில்லை.

அவளை லாட்ஜில் விட்டுவிட்டு, குமாருக்குப் போன் செய்ய எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நான் எதற்காக அந்தப் பாலைவனத்தில் கிடக்கிறேன் என்று நினைத்தீர்கள்? அவளுக்கு நான் தர முடிந்தது அந்த ஒன்றுதானே, அதையும் விட்டுவைக்க முடியவில்லையா? விஜயாவுக்கென்று தனியாகச் சில வார்த்தைகள் வைத்திருந்தேன். பூத்தில் இருந்தவர் ரிசீவரை என் காதில் வைத்துக் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. காலையிலிருந்தே லைன் கிடையாதாம். ஈரக்குடையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்த வார்த்தைகளை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. திரும்பி வந்துவிட்டேன்.

நான்காம் நாள் மழை விட்டது. குப்பனூர் ரோட்டில் மரத்தை அறுத்துவிட்டார்கள், ஜீப் மட்டும் போகும் என்று மானேஜர் ஓடி வந்து சொன்னார். ஜீப்பில் பத்துப் பேருக்கு மேல் அடைத்தார்கள். ஆரஞ்சுக்கார அம்மாள் இரண்டு கூடைகளை மேலே கட்டிவிட்டு, தான் பின்னால் தொற்றிக்கொண்டார். பாதி வழி வந்ததும் ஜீப் நின்றது. அறுத்த மரத்துக்கு அப்பால் ராத்திரி இன்னொரு சில்வர் ஓக் விழுந்து கிடந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். "எறங்கி நில்லுங்க சாமி, ஆளுக வரோணும்" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்ற வைத்தார்.

எல்லாரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். மூடுபனி விலகி முதல்முறையாகக் கீழே சமவெளி தெரிந்தது. மூன்று நாளாகப் பார்க்கக் கிடைக்காத மலையும் அப்போதுதான் தெரிந்தது. பச்சை, அதற்கு மேல் பச்சை. நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் பார்க்க மனமில்லை. ஆரஞ்சுக்கார அம்மாள் கூடையை அவிழ்த்து, நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் மார்க்கெட் போய்ச் சேராது என்று தெரிந்துவிட்டது போல.

நித்யா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் மாமா ஊட்டுல இருந்தே படிக்கட்டுங்களா?"

அவள் வீடு என்று சொல்லவில்லை. ஹாஸ்டலில் ஊடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஹாஸ்டல் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பிடிக்கும் என்றாள். சிஸ்டர்கள் நல்லவர்கள், சாப்பாடு பரவாயில்லை, யாரும் அடிப்பதில்லை. பிறகு என்ன என்றேன். அவள் பழத்தோலைக் கிள்ளினாள்.

"அங்க யார்கூடவும் சண்டை போட முடியாதுங்கம்மா. எல்லாரும் ஃப்ரெண்ட்ஸாவே இருக்கோணும். மாமா ஊட்டுல சண்டை போட்டுட்டு அப்புறம் ஒண்ணா சாப்புடலாம்."

எனக்கு வாதாடத் தெரியும். இங்கிலீஷ், ஒழுக்கம், எதிர்காலம் என்று ஹாஸ்டலுக்கு ஆதரவாக நான் என் தம்பியிடம் பேசிய பேச்செல்லாம் மனப்பாடமாக இருந்தது. பதினோரு வயதுப் பெண் கேட்டதற்கு அதில் ஒரு வரியும் பதிலாக இல்லை. மரம் அறுக்கும் ஆட்கள் கீழேயிருந்து நடந்து வந்தார்கள். மரத்தை அறுத்துத் தள்ளினார்கள். ஜீப் கிளம்பி, குப்பனூர் கண்ணில் படத் தொடங்கியபோது, சரி என்றேன். என்ன சரி என்று அவள் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குப்பனூரில் டீ குடித்தோம். மலைமேல் குடித்த எல்லாக் காப்பியையும்விட அந்த டீ நன்றாக இருந்தது. அந்த அரை நாள் இன்னும் கையில் இருக்கிறது, ராத்திரி ரயிலைப் பிடித்தால் நாளை காலை மெட்ராஸ், போகலாமா என்று கேட்டேன். நான் கேட்டது நியாயமே இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"நீங்க ஆசைப்பட்டா போலாங்கம்மா" என்றாள்.

சேலத்தில் தம்பி வீட்டுக்குப் போனபோது விஜயா வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். குழந்தை ஏதோ சொல்லிவிட்டது என்று முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணி, கேக்காம கூட்டிட்டுப் போனது தப்புத்தாங்க" என்று ஆரம்பித்தாள். பரவாயில்லை என்றேன். பூத்துக்குப் போகும் வழியில் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. நித்யா அதற்குள் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடியிருந்தாள். உள்ளே டி.வி. சத்தம், அதற்கு மேல் பிள்ளைகளின் சத்தம். யாரோ யாரையோ தள்ளி, யாரோ கத்தினார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்த வருஷப் படிப்பு முடியட்டும், ஜூனில் இங்கேயே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றேன். குமார் என்னையே பார்த்தான். விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷிஃப்ட் முடிந்து போகும்போது அடுத்த நர்ஸிடம் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் நானும் ஆரம்பித்தேன். தூசி பட்டால் அவளுக்கு இழுப்பு வரும் என்றேன். பாலை அப்படியே கொடுத்தால் குடிக்க மாட்டாள் என்றேன். விஜயா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் முடித்த பிறகு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அண்ணி, அதுக்குக் கண்ணு ஒருக்கா காட்டோணுங்க. தீபாவளிக்கு வந்தப்ப டி.வி.கிட்டப் போயி ஒக்காந்துட்டுப் பார்த்துச்சு. போர்டுல எழுதறது தெரியலீங்களாம். நீங்க வந்துட்டுப் போனதும் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தோம்."

நான் நர்ஸ். ஏற்காட்டில் அத்தனை நாளும் அவளோடு ஒரே கட்டிலில் படுத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபடியேதான் இருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் கண் டாக்டரிடம் போனோம். மெட்ராஸுக்கென்று நான் வைத்திருந்த நாள் அது. பெஞ்சில் வெகுநேரம் காத்திருந்தோம். உள்ளே நித்யாவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். நான் அவளுக்குப் பின்னால் நின்று தோளில் கை வைத்திருந்தேன். விஜயா கதவோரம் நின்றாள். பெரிய எழுத்துகளை நித்யா கணீரென்று படித்தாள். அடுத்த வரியில் வேகம் குறைந்தது. அதற்கடுத்த வரியில் நின்றுவிட்டாள். கண்ணை இடுக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். பிறகு என் கைக்கு அடியிலிருந்தே கதவுப் பக்கம் திரும்பினாள்.

"தெரியல அத்தை" என்றாள்.